காலைல முதல் கோடு மட்டும் வர மாட்டேங்குது. விலை கம்மி இங்க் பேனாவை தினமும் எழுத நம்பலாமா?

கோழிக்கிளறல்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் மொதல் தடவையா கேள்வி கேக்குறேன், கொஞ்சம் நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

எனக்கு தினமும் அஞ்சாறு பக்கம் கையால எழுதுற வேலை இருக்கு. டைப் அடிக்கலாம்தான், ஆனா கையால எழுதினாத்தான் மண்டைல ஏறுது. இவ்ளோ வருஷமா பால் பாயின்ட்தான், அழுத்தி அழுத்தி எழுதி நடுவிரல்ல காய்ப்பு காய்ச்சு, கட்டைவிரல் அடில வலி வந்து, ராத்திரி பூட்டு திறக்கவே கை வலிக்குற நிலைமைக்கு வந்துட்டேன். அதனால மூணு வாரம் முன்னாடி ஒரு இங்க் பேனா வாங்கினேன். ரொம்ப சாதாரணமானது, ஸ்டீல் நிப், ஃபைன்னு சொல்ற மெல்லிசு முனை. கூடவே மை அடைச்ச ஒரு கார்ட்ரிட்ஜும், குப்பிலேர்ந்து மைய திருகி இழுக்குற கன்வெர்ட்டர் ஒண்ணும் குடுத்தாங்க.

வலி நிஜமாவே குறைஞ்சிருக்கு, அத மொதல்ல சொல்லிடறேன். ஆனா தொல்லை என்னன்னா காலைல எடுத்தா முதல் நாலஞ்சு எழுத்து வரவே வராது, உதறி, கிறுக்கி, நிப்பை தண்ணில தொட்டு எடுத்தாத்தான் வருது. அப்புறம் நல்லாத்தான் ஓடும். ஆனா பக்கத்தோட கீழ்ப்பகுதிக்கு வந்தா நடுநடுவுல விட்டு விட்டு எழுதுது, மேல் பாதி பளிச்னு இருக்கு கீழ் பாதி வெளிறிப் போயிருக்கு. நோட்டுல மை ஊறி பின்பக்கம் வேற தெரியுது. போன வாரம் ஒரு நாள் பையில வச்சுட்டு போனேன், வெளிய எடுத்தா மூடி பூரா மை கக்கி வச்சிருக்கு, விரலெல்லாம் நீலம்.

கூட இருக்கவன் ஒருத்தன் "விலை கம்மின்னா அப்படித்தான், தங்க நிப் வாங்கு இல்லன்னா பழையபடி பால் பாயின்ட்டுக்கே போயிடு"ங்கிறான். தங்க நிப்புக்கெல்லாம் நம்மால முடியாது. இது பேனா கோளாறா, மை கோளாறா, இல்ல எனக்குதான் எழுதத் தெரியலையா?

மூடிமூர்த்தி:

ரெண்டே கேள்வி. ராத்திரி பேனாவ படுக்க வைக்கிறீங்களா நிக்க வைக்கிறீங்களா? மூடிக்குள்ள உதட்ட வச்சு உறிஞ்சினா காத்து வருதா, இல்ல உதட்டோட ஒட்டிக்குதா? (கழுவிட்டு பண்ணுங்க, நான் கழுவாம பண்ணி ரெண்டு நாள் நீலகண்டனா திரிஞ்சேன்.)

ஊதாவிரல்:

கோழிக்கிளறல், நீங்க நாலு தொல்லை சொல்லியிருக்கீங்க, நாலுக்கும் நாலு காரணம், அதுல பேனா விலைக்கும் இதுக்கும் சம்பந்தம் உள்ளது ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது. சொல்றேன்.

மொதல்ல அந்த தங்க நிப் கதை. தாள்ல படுறது தங்கமும் இல்ல ஸ்டீலும் இல்ல. நிப்போட நுனில குட்டியா ஒரு உருண்டை ஒட்டியிருக்கும் பாருங்க, அதுதான் படுது. இரிடியம்னு பேர் சொல்லி பழகிட்டோம், இப்ப வர்றதுல பலதுலயும் இரிடியமே இருக்காது, வேற கெட்டியான உலோகக் கலவைதான். தங்க நிப்புலயும் அதே மாதிரி உருண்டைதான், ஸ்டீல்லயும் அதேதான். வழுக்கிட்டு போறதும் கீறுறதும் அந்த உருண்டைய எப்படி தேய்ச்சு மெருகேத்தியிருக்காங்கங்கிறதுல இருக்கு. தங்கம் ஏன் வந்துச்சுன்னா, பழைய காலத்து மையெல்லாம் அமிலம் ஜாஸ்தி, சாதா ஸ்டீல அரிச்சிடும், தங்கத்த ஒண்ணும் பண்ணாது. இப்ப வர்ற துருப்பிடிக்காத ஸ்டீலுக்கும் இப்ப வர்ற மைக்கும் அந்தப் பிரச்சனை பெருசா இல்ல. தங்கத்துல கொஞ்சம் மெத்துன்னு வளைவு கிடைக்கலாம், அதுவும் எல்லாத்துலயும் இல்ல. நான் பைலட் மெட்ரோபாலிட்டன் வச்சு வருஷக்கணக்கா எழுதுறேன், ஸ்டீல்தான். லாமி சஃபாரி 1980லேர்ந்து வருது, அதுவும் ஸ்டீல் நிப்தான், பள்ளிக்கூடப் பசங்கள மனசுல வச்சு பண்ணின பேனா அது.

ரெண்டாவது, பேனா எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். நிப்புக்கு அடில கருப்பா ஒண்ணு இருக்கே, நாக்கட்டை, அதுதான் பேனாவோட மூளை. அதுல தலைமுடி மாதிரி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டியிருப்பாங்க, மை தன்னால அது வழியா ஏறி நிப்போட பிளவுக்குள்ள வந்து நிக்கும், தாளத் தொட்டதும் தாள் அத உறிஞ்சிக்கும். மை எவ்ளோ வெளிய போகுதோ அவ்ளோ காத்து உள்ள போகணும், இல்லன்னா ஓட்டம் நின்னுடும். 1884ல வாட்டர்மேன்னு ஒருத்தர் பேடன்ட் வாங்கினதே இந்த மையும் காத்தும் இடம் மாத்திக்கிற சமாச்சாரத்துக்குத்தான். நாக்கட்டைல சீப்புப் பல்லு மாதிரி வரிவரியா இருக்கே, அது அழகுக்கு இல்ல, திடீர்னு கூடுதலா வர்ற மைய பிடிச்சு வச்சுக்கிற தொட்டி. ஆக அழுத்துறதுக்கு இதுல வேலையே இல்ல. பால் பாயின்ட்ல உருண்டை சுத்தணும், கெட்டி மை இறங்கணும், அதுக்கு அழுத்தம் வேணும். இதுல தொட்டாலே போதும். நீங்க பழக்கதோஷத்துல அழுத்தினா நிப்போட ரெண்டு காலும் விரிஞ்சு எழுத்து பட்டையா வரும், நாளாக ஆக அது விரிஞ்சபடியே நின்னுடும்.

இப்ப உங்க கேஸ். காலைல மட்டும் வரலன்னா நிப்புல மை காஞ்சு போகுது. மூர்த்தி கேட்டதுதான் சரியான கேள்வி, மூடி காத்துப்புகாம இல்ல. விலை கம்மி பேனால உண்மையாவே கை வைக்கிற இடம் இதுதான், நிப்ப விட மூடில. நல்ல மூடிக்குள்ள இன்னொரு குட்டி மூடி இருக்கும், நிப்ப மட்டும் பொத்திக்கும். பிளாட்டினம் ப்ரெப்பி எவ்ளோ சாதாரண பேனா, ஆனா அதுல உள்மூடிய ஸ்பிரிங் தள்ளி நிப்ப அழுத்தி மூடும், மாசக்கணக்கா சும்மா போட்டுட்டு எடுத்தாலும் எனக்கு எழுதியிருக்கு. சில மூடில கிளிப் சொருகுற இடத்துல ஓட்டை விட்டிருப்பாங்க, காத்து அது வழியா போகும். சோதிக்க ஈஸியா ஒரு வழி, ராத்திரி கிளிப் அடிலயும் மூடி உச்சிலயும் செலோடேப் சுத்தி வச்சுட்டு காலைல எழுதிப் பாருங்க. எழுதிச்சுன்னா ஆள் மாட்டிக்கிச்சு.

ஒண்ணு மட்டும், மூடி உச்சில வேணும்னே ஓட்டை வச்ச பேனாவும் உண்டு, பைலட் காகுனோ மாதிரி. குழந்தைங்க மூடிய முழுங்கிட்டா மூச்சு அடைக்காம இருக்கணும்னு அப்படி. அந்த ஓட்டைய நிரந்தரமா அடைக்காதீங்க, அதுல உள்மூடி தனியா இருக்கும்.

பக்கத்தோட கீழ்ப்பாதில விட்டு விட்டு எழுதுறது பேனாவே இல்ல. உங்க கை! உள்ளங்கை எண்ணெயும் வேர்வையும் தாள்ல தடவிட்டே இறங்குது, அந்த இடத்துல தண்ணி மை ஒட்டாது. கைக்கு அடில ஒரு துண்டுத் தாள் வச்சு எழுதுங்க. இத நான் ஒரு வருஷம் கழிச்சுதான் கண்டுபிடிச்சேன், அதுக்குள்ள நல்லா இருந்த நிப்ப தேய்ச்சு கெடுத்தது தனிக்கதை.

பையில கக்கினதுக்கு காரணம் உள்ள இருக்கற காத்து. கன்வெர்ட்டர்ல பாதிதான் மை இருந்திருக்கும், மீதி காத்து. வெயில்ல சூடாகி காத்து விரிஞ்சு மைய வெளிய தள்ளிடுச்சு. நிப் மேல பாத்த மாதிரி வச்சிருந்தா காத்து மட்டும் போயிருக்கும், மை போயிருக்காது. விமானத்துலயும் இதே கதைதான், அங்க சூட்டுக்குப் பதிலா காத்தழுத்தம் குறையுது. ஒண்ணு முழுக்க ரொப்பிட்டு நிமிர்த்தி வச்சுட்டு போங்க, இல்ல காலி பண்ணிட்டு போங்க.

மூடிமூர்த்தி:

அம்மாடி. நான் ரெண்டு கேள்வி கேட்டதுக்கு தீபாராதனையே காட்டிட்டீங்க 😄 ஒண்ணே ஒண்ணு சேத்துக்கறேன், புதுப் பேனான்னா முதல்ல கழுவணும். தயாரிக்கும்போது பட்ட எண்ணெய்ப் பிசுக்கு நாக்கட்டைல இருந்தா மை சரியா ஓடாது. சாதா தண்ணி, வேணும்னா பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு, கன்வெர்ட்டர திருகி திருகி உறிஞ்சி துப்ப வைங்க, அப்புறம் வெறும் தண்ணில நாலு தடவ. வெந்நீர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் வெடிச்சிடும். கடைசியா நிப்ப டிஷ்யூல சுத்தி ராத்திரி பூரா கவுத்து வச்சா தண்ணி இறங்கிடும்.

ஜெல்கட்சி:

நான் ஒருத்தன் எதிர்க்கட்சி பேசிடறேன், இல்லன்னா இந்தப் பக்கம் பஜனை மடமாயிடும். கழுவணும், நிமிர்த்தி வைக்கணும், கைக்கு அடில தாள் வைக்கணும், மூடிக்கு டேப் ஒட்டணும்... பேனா வாங்கினாரா பச்சைக்குழந்தை தத்தெடுத்தாரா? ஒரு 0.5 ஜெல் பேனா எடுங்க, அதுவும் அழுத்தாம எழுதலாம், மூடி தேவையில்ல, கக்காது, தீந்தா தூக்கிப் போட்டுட்டு போயிட்டே இருக்கலாம். நானும் ஆசைப்பட்டு ஒரு இங்க் பேனா வாங்கி ஆறு மாசம் மல்லுக்கட்டினேன், அடில கார்பன் வச்ச படிவம் ஒண்ணுல எழுதி மூணாவது பிரதில ஒரு எழுத்து கூட விழல, கவுன்டர்ல இருந்தவங்க பாத்த பார்வை இருக்கே. மழைல நனைஞ்ச நோட்டுல நான் எழுதினதெல்லாம் வாட்டர்கலர் ஆயிடுச்சு. அன்னிக்கு கும்பிடு போட்டேன்.

ஊதாவிரல்:

கார்பன் படிவம் உண்மைதான், அதுக்கு பால் பாயின்ட்தான், மறுபேச்சே இல்ல. பையில ஒண்ணு போட்டு வச்சிருக்கறது புத்திசாலித்தனம், நானே வச்சிருக்கேன். ஆனா மழைல கரைஞ்சதுக்கு பேனாவ திட்டாதீங்க, மைய திட்டுங்க. ஜெல்ல அழுத்தாம எழுதலாம்கிறதும் சரி, ஆனா அந்த உருண்டை சுத்தணும்னா கொஞ்சம் நிமிர்த்திப் பிடிக்கணும், இங்க் பேனாவ சாச்சு கட்டைவிரல் பள்ளத்துல படுக்க வச்சு எழுதலாம், விரல் இறுகாது. கை வலி உள்ளவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

பழையமைக்கூடு:

மை பத்தி யாரும் சொல்லலயே, நான் சொல்றேன். தம்பியா தங்கச்சியான்னு தெரியல, கோழிக்கிளறல்னு பேர் வச்சுக்கிட்டா எப்படி கூப்பிடறது.

சாதாரணமா கிடைக்கிற நீலம் கருப்பு எல்லாம் சாய மை. தண்ணில சாயம் கரைஞ்சிருக்கு, அவ்ளோதான். பேனாவுக்கு நல்லது, கழுவினா போயிடும், ஆனா தாள் நனைஞ்சா எழுத்தும் போயிடும். ஜெல்கட்சிக்கு நடந்தது இதுதான். நனைஞ்சாலும் நிக்கணும்னா ரெண்டு வழி. ஒண்ணு, இரும்பும் கடுக்காய் மாதிரி துவர்ப்புச் சத்தும் சேர்ந்த பழைய பாணி மை, பெலிகன் 4001 ப்ளூ பிளாக், பிளாட்டினம் ப்ளூ பிளாக் எல்லாம் அந்த வகை. எழுதும்போது நீலமா இருக்கும், காத்து பட்டு கொஞ்ச நேரத்துல கறுக்கும், தாள் நாரோட பிடிச்சுக்கும். மட்டமான தாள்லயும் இது அவ்வளவா ஊறாது, அதுக்காகவே எனக்குப் பிடிக்கும். ஆனா பேனாவுக்குள்ள காய விடக்கூடாது, மாசம் ஒரு தடவ கழுவணும். ரெண்டாவது நிறமி மை, பிளாட்டினம் கார்பன் பிளாக், செய்லர் கிவாகுரோ மாதிரி. பொடிப்பொடித் துகள் மிதக்குற மை, காஞ்சா கல்லு. உங்க மூடி இப்ப இருக்கற நிலைமைல அந்தப் பக்கமே போகாதீங்க.

அதவிட முக்கியம், படம் வரையுற இந்தியன் இங்க்குன்னு ஒண்ணு குப்பில வரும், அத ஒருக்காலும் ஊத்தாதீங்க. அதுல அரக்கு மாதிரி பசை கலந்திருக்கும், நாக்கட்டை வாய்க்கால் ஒரே ராத்திரில அடைச்சுடும். தொட்டு எழுதற பேனாவுக்குன்னு உள்ளது அது. நானே ஒரு பேனாவ அப்படி கொன்னிருக்கேன்.

ஊறுறதுக்கு வருவோம். தாள் கனமா இருந்தா ஊறாதுன்னு நினைக்கிறாங்க, அது பாதிதான் சரி. தாள் செய்யும்போது மேல ஒரு பசைப் பூச்சு குடுப்பாங்க, அது நல்லா இருந்தா மை மேலயே நின்னு காயும், இல்லன்னா நாரு வழியா நாலாபக்கமும் ஓடும். 52 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளோட எடை, கிராம்ல) மெல்லிசுத் தாள், டோமோயே ரிவர்னு ஜப்பான்ல பண்ணினது, பின்பக்கம் நிழலாத் தெரியும் ஆனா ஒரு சொட்டு ஊறாது. அதே சமயம் 80 ஜிஎஸ்எம் பிரின்டர் தாள்ல உறிஞ்சுபஞ்சு மாதிரி ஊறுறதும் உண்டு. ஆகவே நோட்டு வாங்குறதுக்கு முன்னாடி பேனாவ எடுத்துட்டுப் போய் கடைசிப் பக்கத்துல ஒரு வரி எழுதிப் பாக்கக் கேளுங்க. நிப் அளவும் ஒரு விஷயம். ஜப்பான் கம்பெனி ஃபைன் வேற, ஐரோப்பா கம்பெனி ஃபைன் வேற, பொதுவா ஜப்பான் பேனா ஒரு படி மெல்லிசா எழுதும். தமிழ் எழுத்துல சுழியும் கொம்பும் ஜாஸ்தி, ணகரமும் ஞகரமும் சின்னதா எழுதுறவங்களுக்கு மீடியம் போட்டா சுழி எல்லாம் அடைஞ்சு புள்ளியாயிடும். மெல்லிசு நிப்பே எடுங்க.

இடக்கை:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், நான் இடக்கை. எழுதினத கையே அழிச்சிட்டு போகுது, எனக்கெல்லாம் இது ஒத்து வருமா?

பழையமைக்கூடு:

வரும். கைய வரிக்கு மேல வளைக்காம கீழ வச்சு எழுதப் பழகுங்க, தாள கொஞ்சம் வலப்பக்கம் சாச்சு வைங்க. மெல்லிசு நிப், சீக்கிரம் காயுற மை. நல்ல வழுவழு தாள்ல மை காய நேரமாகும், உங்களுக்கு கொஞ்சம் உறிஞ்சுற தாளே நல்லது. இங்க எல்லாரும் திட்டுற தாள் உங்களுக்கு வரம்.

கோழிக்கிளறல்:

நாலு நாள் கழிச்சு வர்றேன், எல்லாத்தையும் பண்ணிப் பாத்துட்டுதான் வரணும்னு இருந்தேன். (தங்கச்சிதான் ஐயா.)

ஊதாவிரல் அக்கா, ஆள் மாட்டிக்கிச்சு! மூடிய உறிஞ்சினா உஸ்ஸுன்னு காத்து வந்துச்சு, கிளிப் மூடிக்குள்ள நுழையுற இடத்துல நகம் நுழையுற அளவு சந்து. டேப் சுத்தி வச்சேன், மறுநாள் காலைல முதல் கோடே வந்துச்சு, நம்பாம டேப்ப எடுத்துட்டு இன்னொரு ராத்திரி வச்சேன், மறுபடி வரல. மூணாவது நாள் மறுபடி டேப், வந்துச்சு. அப்ப அதேதான்.

கைக்கு அடில தாள் வச்சதும் கீழ்ப்பாதி சரியாயிடுச்சு, இது எனக்கு கொஞ்சம் அவமானமாவே இருக்கு, மூணு வாரமா பேனாவ திட்டிட்டிருந்தேன். அந்த தாள வெளிச்சத்துல சாச்சுப் பாத்தா கை வச்ச இடம் பளபளன்னு தெரியுது. கழுவினேன், தண்ணில முதல்ல எண்ணெய்ப்படலம் மாதிரி மிதந்துச்சு.

அழுத்துறதுதான் இன்னும் போகல. பத்து நிமிஷம் ஞாபகம் இருக்கு, அப்புறம் எழுதுற விஷயத்துல மனசு போனதும் கை தானா இறுகிடுது. நோட்டு இன்னும் அதேதான், பாதி மிச்சம் இருக்கு தூக்கிப் போட மனசு வரல, இப்போதைக்கு ஒரு பக்கம் மட்டும் எழுதுறேன்.

இப்ப கேள்வி, அந்த சந்த நிரந்தரமா எப்படி அடைக்கிறது? டேப் சுத்தின பேனாவ நாலு பேர் முன்னாடி எடுக்க ஒரு மாதிரி இருக்கு. நெயில் பாலிஷ் விட்டா போதும்னு ஒரு வீடியோல பாத்தேன்.

ஊதாவிரல்:

ஐயோ நெயில் பாலிஷ் வேண்டாம், அதுல உள்ள கரைப்பான் சில பிளாஸ்டிக்க உருக்கி மங்கலாக்கிடும், சின்னச் சின்னதா விரிசல் கூட விடும். மெழுகுவர்த்தி மெழுகு ஒரு சொட்டு போதும். மூடிய கழுவி நல்லா காய வச்சு, உள்பக்கமா கிளிப் சந்துல மெழுக ஒரு தீக்குச்சியால தொட்டு வைங்க, கெட்டியானதும் வெளிய வழிஞ்சத சுரண்டிடுங்க. பிடிக்கலன்னா எப்ப வேணா எடுத்துடலாம். வெயில்ல கார்ல மட்டும் விட்டுட்டு போகாதீங்க, உருகி நிப்புல ஒட்டினா மறுபடி கழுவுற வேலை. வச்சதும் திரும்ப உறிஞ்சிப் பாருங்க, உதட்டுல ஒட்டினா சரி.

அழுத்துறதுக்கு ஒரு வழி, பேனாவோட பின்பக்கத்துல மூடிய மாட்டாம எழுதிப் பாருங்க. பின்பாரம் இருந்தா கை இன்னும் கெட்டியா பிடிக்கும். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, உங்களுக்கு நேர்மாறா இருக்கலாம், ரெண்டும் ஒரு ஒரு பக்கம் எழுதிப் பாத்து சொல்லுங்க.

ஜெல்கட்சி:

ஒரு மூடி ஓட்டைக்கு மூணு ராத்திரி ஆராய்ச்சி, மெழுகுவர்த்தி, தீக்குச்சி. நான் சொன்னேனா இல்லையா, பச்சைக்குழந்தை. 😂

சரி அது இருக்கட்டும், என் டிராயர்ல அந்த பழைய பேனா கிடக்கு, மை உள்ளயே காஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. அது பொழைக்குமா? சும்மா கேக்குறேன்.

மூடிமூர்த்தி:

சாய மையா இருந்தா பொழைக்கும். நிப் மாட்டியிருக்கற கழுத்துப் பகுதிய அப்படியே கழட்டி டம்ளர் தண்ணில போடுங்க, தண்ணி நீலமாக ஆக மாத்திட்டே இருங்க, ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரி ஆகலாம். நிப்ப பிடுங்க அவசரப்படாதீங்க. எதிர்க்கட்சி தலைவரே, தாவப் போறீங்கன்னா முன்கூட்டியே சொல்லிடுங்க.

ஜெல்கட்சி:

சும்மாதான்யா கேட்டேன். (ஊறப் போட்டிருக்கேன்.)